எல்லை தாண்டிய கட்டில்

வடிகால் சங்கச் செயலாளரை ஊரில் யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. வாளிக்காரர் என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அவருடைய சைக்கிள் கைப்பிடியில் ஒரு நீல வாளி தொங்கியது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் மரத்தூள் இருந்தது.

அந்த இரண்டும்தான் அவருடைய நீதிமன்றம். வயல்களில் தேங்கும் மழைநீரை வடிகால் வெட்டி ஆற்றில் சேர்ப்பது சங்கத்தின் வேலை. யாருடைய இடத்துத் தண்ணீர் அந்த வடிகாலில் விழுகிறதோ, அவர் எல்லைக்கு உள்ளே. வரி கட்ட வேண்டும். தன் பங்குக்குப் பாசியும் அள்ள வேண்டும். தண்ணீர் வேறு பக்கம் ஓடினால் அவர் எல்லைக்கு வெளியே, வரி இல்லாத ராஜா. சந்தேகம் வந்தால் செயலாளர் வாளித் தண்ணீரில் மரத்தூளைத் தூவி அந்த மண்ணில் கவிழ்ப்பார். தூள் மிதந்து போகும் திசைதான் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

போன வருஷம் சொந்த மைத்துனரின் வாத்துப் பண்ணையிலும் அவர் வாளியைக் கவிழ்த்தார். தூள் கொஞ்சமும் தயங்காமல் மூன்றாம் வடிகாலுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றோடு மைத்துனர் பேச்சை நிறுத்தினார். எட்டு மாதமாக எதுவானாலும் தங்கையிடம்தான் சொல்வார். "தங்கச்சி, உன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் காலை எடுக்கச் சொல்லு. என் செருப்பு மேல நிக்கிறாரு." செயலாளர் கண்ணீரை விழுங்கிக்கொண்டு காலை எடுப்பார்.

குழந்தை இல்லாத அவருக்குச் சங்கம்தான் பிள்ளை. ஒற்றை அறை அலுவலகம், சுவரில் பழைய வரைபடம், அதில் சிவப்புப் பென்சிலால் வரைந்த எல்லைக்கோடு. தினமும் காலையில் முதல் வேலையாக அந்தக் கோட்டின் மேல் படிந்த தூசியைத் துண்டால் ஒற்றி எடுப்பார், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் துடைப்பது போல.

அந்தப் பிள்ளையைத்தான் வருஷக் கூட்டத்தில் பறிக்கப் பார்த்தார் மைத்துனர். வரவு செலவுத் திட்டம் வாசித்து முடிந்தது. மண்வெட்டிப் பிடி ஆறு, மதகுக் கதவுக்கு எண்ணெய், பாசி அள்ளும் கூலி என்று எல்லாவற்றுக்கும் கை தூக்கினார்கள். அப்போது மைத்துனர் விதிப் புத்தகத்தோடு எழுந்தார். செயலாளராக இருப்பவர் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும் என்கிறது பதினாலாம் விதி. இவர் வீட்டு வாசலில் என்றைக்காவது வாளி கவிழ்ந்ததுண்டா என்று கேட்டார். கவிழ்ந்ததில்லை. அதற்கு என்ன அவசியம் என்று இருந்துவிட்டார்கள்.

மாவு மில் வைத்திருக்கும் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாளியை எடுத்தார். ஊர்வலம் புறப்பட்டது. செயலாளர் நிமிர்ந்த நெஞ்சோடு முன்னால் நடந்தார். பாவம், மடியில் கனமில்லை என்ற தைரியம்.

வாசலில் தண்ணீர் விழுந்தது. தூள் ஒரு நொடி சுழன்றது. பிறகு வடிகாலுக்கு முதுகைக் காட்டிவிட்டு, தெருவைக் கடந்து, எதிர்ப்புறத்துக் கல்குவாரிப் பள்ளத்தை நோக்கி உல்லாசமாகப் போனது.

செயலாளருக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன், வடிகால் செயலாளர் வீட்டு வாசலிலேயே தண்ணீர் தேங்கினால் ஊர் சிரிக்காதா என்று சிமென்ட் போட்டு, தெருப்பக்கம் சரிவு வைத்தவர் அவரேதான். சரிவைச் சரிபார்த்ததும் இதே வாளி. தன்னைத் தானே எல்லைக்கு வெளியே வடித்துவிட்ட முதல் செயலாளர்!

அலுவலகச் சாவியை எடுத்துத் தலைவர் கையில் வைத்தார். பிறகு மரத்தூள் பொட்டலத்தையும் வைத்தார். மைத்துனரின் முகம் வாடியது. சும்மா மிரட்டிப் பார்க்கலாம் என்றுதான் வந்திருந்தார். சாவி கைமாறும் என்று நினைக்கவில்லை.

அப்போது கொல்லைப்பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. செயலாளரின் மனைவி அடுப்படி வாசலில் நின்று ஒரு சட்டி கழுநீரை வீசி ஊற்றினாள். அது நேராக ஓடி மூன்றாம் வடிகாலில் விழுந்தது.

"இது எந்தப் பக்கம் போகுது? இதையும் எழுதிக்கங்க," என்றாள்.

ஆக, வீட்டின் முன்பாதி வெளியே, அடுப்படி உள்ளே. மனிதர் குடியிருப்பது எந்தப் பாதியில் என்று தலைவர் மனைவியையே விசாரித்தார். அவள் பொய் சொல்லிப் பழகாதவள்.

"அடுப்படிக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லைங்க. தண்ணி வேணும்னாலும் முன்னறையில இருந்துதான் சத்தம் வரும்."

செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் புத்தகத்தைப் புரட்டினார். ஒருவர் படுத்து எழும் இடமே அவர் குடியிருப்பு என்று இருந்தது. கட்டில் எங்கே என்று கேட்டார். முன்னறையில். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

மைத்துனர் விடுவிடுவென்று உள்ளே போய்க் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க மாப்பிள்ளை? கால் பக்கம் தூக்குங்க."

எட்டு மாதத்துக்குப் பிறகு நேராக வந்த முதல் வார்த்தை. செயலாளர் தூக்கினார், கண்ணீர் மறைத்ததில் முதலில் தூக்கியது நாற்காலியை. பிறகு கட்டில் நகர்ந்து, அடுப்படி நிலையில் பாதி நுழைந்து, அங்கேயே இறுகிக்கொண்டது. தள்ளினாலும் போகவில்லை, இழுத்தாலும் வரவில்லை. தலையணைப் பக்கம் எல்லைக்குள்ளே, கால் பக்கம் வெளியே.

"கணக்குப் போடுறது தலைதானே? கால் எங்க கிடந்தா நமக்கென்ன," என்று தலைவர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை செயலாளர் கண் விழித்தபோது மூக்குக்கு நேரே அடுப்பு இருந்தது. மனைவி முன்னறையில் பாயில் உட்கார்ந்தபடி, இந்த வயதில் கட்டிலை ஏறிக் குதித்தோ, வீட்டைச் சுற்றிக் கொல்லை வழியாகவோ அடுப்படிக்குள் போக முடியாது என்று தெரிவித்தாள். உள்ளே இருப்பவர்தான் இனி அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்.

"எல்லைக்கு வெளியே ஒரு டீ வருமாங்க?"

"ரெண்டா குடுங்க மாப்பிள்ளை," என்றது வாசலில் இன்னொரு குரல். மைத்துனர் பாசி அள்ளும் கரண்டியோடு வந்திருந்தார்.

பாலைத் தேடி, சர்க்கரையைத் தேடி, டம்ளர்களைக் கட்டிலின் மேலாக நீட்டும்போது கொஞ்சம் டீ நிலைப்படியில் சிந்தியது. செயலாளர் துணியை எடுத்தார். துடைக்கவில்லை. குனிந்து, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.