சூலிக்கு ஆகாத கருவாடு

ஒரு பெண்ணின் கழுத்தில் மற்றவர்கள் தாலியைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் நகையைப் பார்ப்பார்கள். அம்மாக்கண்ணு தொண்டையைப் பார்த்தாள். மலாயாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து ஆயாக்கொட்டகையில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பிள்ளையைக் கையில் வாங்கும்போதே தாயின் தொண்டையையும் நோட்டம் விட்டுவிடுவாள். கழுத்து வீங்கியவர்களின் பிள்ளைகளில் சிலது அழாது, சிரிக்காது, கூப்பிட்டால் திரும்பாது. எல்லாம் அப்படியல்ல. சிலது மட்டும் ஏன் அப்படி? ஒரு ‘ஏன்’ மண்டைக்குள் புகுந்துவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

தங்கை ருக்குமணியின் கழுத்திலும் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கழலை இருந்தது. அவள் மகள் செல்லத்துக்கு மூன்று வயதாகியும் நடையில்லை, பேச்சில்லை. 1952இல் ருக்குமணி மறுபடியும் முழுகாமல் இருந்தாள். இரண்டு மாதம். இதுவும் அப்படியே ஆகிவிடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் கந்தசாமியை அம்மாக்கண்ணு துளைத்தெடுத்தாள்.

“மலை மண்ணுலயும் தண்ணியிலயும் அயோடின் சத்து கம்மி. அதனாலதான் கழுத்து வீங்குது. கடல்லதான் அது இருக்கு,” என்றார் அவர். “தாய் ஒடம்புல அது இருந்தாத்தான் வயித்துப் பிள்ளைக்கு மூளை வளரும். மூணு மாசம் வரைக்கும் பிள்ளையோட தொண்டைச் சுரப்பி வேலையே செய்யாது, தாய் குடுக்கறதுதான். அப்புறமும் அந்த அயோடின் தாய்கிட்டேருந்துதான் போவணும். பெரிய டாக்டருக்கு எழுதிப் போட்டிருக்கேன். மருந்து எப்ப வரும்னு தெரியல.”

“தானா ராத்தா டவுன்ல கடை வச்சிருக்கிற நஃபீசாம்மாவும் இதே தண்ணிதானே குடிக்கிறாங்க, டிரசர் ஐயா? நாலு பெத்தும் கழுத்து வழவழன்னு இருக்கே?”

“அவுங்க வீட்டுல மீன் இல்லாம ஒரு நாள் ஒல பொங்குமா?”

 சூலி கருவாடு தின்றால் பிள்ளைக்குத் தோலில் கரப்பான் படை வரும் என்பது தோட்டத்துச் சட்டம். செல்லம் வயிற்றில் இருந்தபோது ருக்குமணியின் தட்டிலிருந்து கருவாட்டை எடுத்துப் போட்டவள் அம்மாக்கண்ணுதான்.

இப்போது ஊட்டலாம் என்றால் வெள்ளைக்கார அரசின் அவசரகாலச் சட்டம் குறுக்கே நின்றது. காட்டில் ஒளிந்து போராடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாதென்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்கம்பி, கேட்டில் சோதனை. பிள்ளைத் துணிகளுக்கு அடியில் வைத்து அம்மாக்கண்ணு ஒரு பொட்டலம் கருவாடு கொண்டுவந்தாள். கருவாட்டை ஒளிக்கலாம், வாசத்தை ஒளிக்க முடியுமா? கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள். இன்னொரு தடவை பிடித்தால் உள்ளே போட்டுவிடுவோம் என்று காவல்காரர்கள் கத்தி அனுப்பினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ருக்குமணியையே டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். “வயித்துக்குள்ள போனத எவன்டி சோதிப்பான்?”

விஷயத்தைக் கேட்ட நஃபீசா மறுபேச்சு பேசாமல் இலை போட்டாள். லாரியில் வந்த கடல்மீன் குழம்பு, நெத்திலி வறுவல். ருக்குமணி கை வைக்கவில்லை.

“கரப்பான் வந்தா என்னக்கா பண்றது?”

“கரப்பான் வந்தா வேப்பெண்ணெ தேய்க்கலாம். செல்லத்துக்கு வந்ததுக்கு எதடி தேய்ப்ப?”

ருக்குமணி அழுதுகொண்டே சாப்பிட்டாள். அதன்பின் ஞாயிறு தவறவில்லை. மற்ற நாட்களுக்கு அக்காளும் தங்கையும் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. ஐந்தாம் மாதம் டாக்டரின் அயோடின் சொட்டு மருந்து வந்து சேர்ந்ததும்தான் கந்தசாமிக்கே தெம்பு வந்தது.

ஆண் குழந்தை பிறந்தது. வீறிட்டுத்தான் அழுதான், ஆனாலும் அம்மாக்கண்ணு நம்பவில்லை. நாள்தோறும் அவன் காதருகே கை தட்டிப் பார்ப்பாள், விரலைக் கண்முன்னே ஆட்டிப் பார்ப்பாள். ஐந்தாம் மாதம் ஒரு மத்தியானம், பாயில் குப்புறக் கிடந்தவன் தலையை நன்றாக நிமிர்த்தி, அவள் குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தான். இந்த வயதில் செல்லத்துக்குத் தலையே நின்றதில்லை. அம்மாக்கண்ணு பைத்தியம் பிடித்தவள்போலச் சிரித்தாள்.

ருக்குமணி சிரிக்கவில்லை. “அப்ப செல்லமும் இப்பிடி இருந்திருப்பாளாக்கா?”

மீன் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, மலை மண்ணின் குறை அது என்று கந்தசாமி பலமுறை சொல்லியிருந்தார். அதைச் சொல்லி அம்மாக்கண்ணு தப்பித்திருக்கலாம். 

“தெரியலடி. ஆனா ஒன் தட்டுலேருந்து எடுத்துப் போட்டது நான்தான்.”

 ருக்குமணி எழுந்துபோய், மூலையில் சாய்த்து வைத்திருந்த செல்லத்தைத் தூக்கிவந்து அக்காளின் மடியில் வைத்தாள்.

“இவளுக்கு இன்னும் சோறு ஊட்டல,” என்றாள்.