இடது தோளுக்கு ஒரு துவக்கு

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் சிநேகிதியின் வீட்டாரோடு வெளியே போய்விட்டு வந்தவள், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்றாள்.

"அப்பா, எனக்கு ஒரு துவக்கு வேணும்."

நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். மிசிசாகாவில், விமானநிலையச் சரக்குப் பகுதியில் எனக்குப் பின்னேர வேலை. நாங்கள் இருக்கும் வெக்ஸ்போர்ட்டிலிருந்து அங்கே போய்ச் சேர ஒரு மணித்தியாலமாவது வேண்டும். ஆனாலும் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

விஷயம் இதுதான். சிநேகிதியின் தகப்பன் தன் மகளை ஒரு கழகத்தில் சேர்த்திருந்தார். ஒரு மண்டபத்தின் நிலக்கீழ்த் தளத்தில், பிள்ளைகள் காற்றுத் துவக்கால் அட்டையைச் சுட்டுப் பழகும் இடம். மிளகு அளவில் ஈயக் குண்டு, பத்து மீற்றர் தூரம். என் மனைவியிடம் முதலே கேட்டு, சம்மதம் வாங்கித்தான் மகளையும் கூட்டிப் போயிருக்கிறார். மனைவிதான் எனக்குச் சொல்லவில்லை.

"சொல்லியிருந்தால் விட்டிருக்கமாட்டியள்" என்றாள்.

உண்மைதான். அவள் ஐந்து வயதிலேயே இந்த நாட்டுக்கு வந்தவள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து பதினெட்டு வயதில் வந்தவன். அவளுக்குத் துவக்கு என்பது ஒரு சாமான். எனக்கு அப்படி இல்லை. என் நினைவில் அது எப்போதும் ஒரு மனிதனின் கையில்தான் இருக்கும். அந்த மனிதன் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இரண்டு கிழமை நான் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. மகள் சிநேகிதியோடு போய் வந்தாள். மூன்றாம் கிழமை மனைவிக்கு வேலை, சிநேகிதிக்குக் காய்ச்சல். நான்தான் கூட்டிப் போகவேண்டியதாயிற்று.

கைப்பிடியைப் பிடித்தபடி படியிறங்கினேன். உள்ளே போனால், நான் நினைத்த மாதிரி ஒன்றுமில்லை. நூலகம்போல அமைதி. ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். இடைக்கிடை 'டிக்' என்று, காகிதத்துக்கு ஊசி அடிப்பதுபோல ஒரு சத்தம். பிள்ளைகள் சுடும் நேரத்தைவிட மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரம்தான் கூட.

மகளுக்கு ஒன்றும் படவில்லை. குண்டெல்லாம் அட்டையின் ஓரத்தில் போய் விழுந்தது. கழுத்தை வளைத்து, தலையைத் துவக்குக்கு மேலால் மறுபக்கம் கொண்டுபோய், என்னவோ கோழி எட்டிப் பார்ப்பதுபோல நின்றாள். பழக்குகிறவர் ஓர் இளம் பெண். பகலில் பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறவர். அவர் மகளின் துவக்கை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களால் ஒரு சின்ன ஓட்டை செய்யச் சொன்னார்.

"அந்த ஓட்டைக்குள்ளால என்ர மூக்கைப் பார்."

பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். "இவள் இடது கண்ணால பார்க்கிறாள். நாங்கள் வலது தோளில துவக்கை வைக்கச் சொல்லுறம். பாவம், எப்பிடிப் படும்? வலது கண்ணில ஏதும் பிரச்சினையோ?"

ஓம் என்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

அவளுக்கு மூன்றரை வயதில் கண்டுபிடித்தார்கள். வலது கண் சோம்பேறிக் கண், பார்க்கப் பஞ்சிப்பட்டுக்கொண்டிருந்தது. நல்ல கண்ணை மூடிவைத்தால்தான் மற்றது வேலை செய்யத் தொடங்கும் என்றார் வைத்தியர். ஒரு நாளைக்கு நான்கு மணித்தியாலம், ஒன்றரை வருடம். நான் பின்னேர வேலைக்காரன் என்பதால், காலையில் அந்த ஒட்டுத் துணியை அவள் கண்ணில் ஒட்டும் பொறுப்பு என்னுடையது. அழுவாள். சில நாட்களில் கையெடுத்துக் கும்பிடுவாள். பூப் படம், முயல் படம் போட்டதெல்லாம் தேடி வாங்கினேன். ஒட்டியதும் சுவரில் தடவித் தடவி நடப்பாள். வலது கண் ஓரளவு தேறியது, முழுதாகத் தேறவில்லை. பள்ளிக்கூடத்தில் பந்து விளையாட்டென்றால் அவளைக் கடைசியாகத்தான் எடுப்பார்கள், வருகிற பந்தின் தூரம் அவளுக்குப் பிடிபடாது.

பழக்குகிறவர் மகளிடம் குனிந்து, "உன்ர இடது கண் மிகவும் நல்ல கண். இந்த விளையாட்டுக்கு அந்த ஒன்று போதும்" என்றார்.

காரில் வரும்போது மகள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, இடது கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்பா, நீங்கள் மூடி வச்ச கண் அதுதானே?"

"ஓம், குஞ்சு."

"இட்ஸ் ஓகே" என்றாள். என்னை மன்னித்துவிட்டாள்போல.

சிக்கல் என்னவென்றால், கழகத்திடம் இடதுகைத் துவக்கு ஒன்றும் இல்லை. சொந்தமாக வாங்கினால்தான் அவள் தொடரலாம். மறுநாள் காலை மனைவியிடம், "பார்ப்பம்" என்றேன். "பார்ப்பம்" என்று நான் சொன்னால் இல்லையென்று அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியும்.

"உங்கட பயத்தைப் பிள்ளையின்ர தலையில கட்டாதேங்கோ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பீற்றூட் வெட்டிக்கொண்டே சொன்னாள். அதனால்தான் எனக்குக் கூடுதலாகத் தைத்தது.

அடுத்த ஞாயிறு நானும் மகளும் நகரத்துக்கு வடக்கே ஒரு பெரிய கடைக்குப் போனோம். மீன்பிடித் தூண்டில், கூடாரம், கடைசியில் துவக்குகள். விற்பனையாளர் பருத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். யாருக்கு என்று கேட்டார். நான் மகளைக் காட்டினேன். அவர் கவுண்டருக்கு வெளியே வந்து, அவளுடைய உயரத்துக்கு முழங்காலில் இருந்தார்.

"இடது கையை மடக்கு, பார்ப்பம்." துவக்கின் அடிக்கட்டையை அவளுடைய முழங்கை மடிப்பில் வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்தார். எட்டவில்லை. இன்னொன்று, அதுவும் எட்டவில்லை. மூன்றாவது எட்டியது, ஆனால் கன்னம் வைக்கும் மேடு வலதுகைக்காரருக்குச் செய்தது. நான்காவதன் குழல் பாரத்தில் நிலத்தை நோக்கிச் சரிந்தது.

"கொஞ்சம் பெரிசா இருந்தாலும் பரவாயில்லை, வளர்ந்திடுவாள்" என்றேன். குளிர் ஜக்கெற்றை இரண்டு அளவு பெரிதாக வாங்கும் ஆட்கள் நாங்கள்.

அவர் தலையாட்டினார். "இதில அப்பிடிச் செய்யக்கூடாது. பெரிய துவக்கோடு பழகினால் முதுகை வளைச்சு நிற்கப் பழகிவிடுவாள். பிறகு அதை மாற்றுவது கஷ்டம்."

விற்கிறவர் வாங்காதே என்கிறாரே என்று எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது. அவர் ஐந்தாவதை எடுக்க உள்ளே போனார். அந்த நேரம் பக்கத்தில் ஒரு வாடிக்கையாளர் நீளமான துவக்கொன்றைத் தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், யாரோ கூப்பிட, அப்படியே எங்கள் பக்கம் திரும்பினார்.

என் இரண்டு கைகளும் மேலே போய்விட்டன.

நான் தூக்கவில்லை. அவை தாமாகப் போயின. தலைக்கு மேலே, விரல்கள் விரிந்தபடி. விற்பனையாளர் உள்ளிருந்து அந்த மனிதரை அதட்டினார். அவர் முகம் சிவந்து, "சொறி, சொறி" என்றபடி துவக்கை நிலத்தை நோக்கித் தாழ்த்தினார். எல்லாம் ஒரு நொடி. ஆனால் மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கைகளைக் கீழே இறக்க வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, இறக்கத்தான் முடியவில்லை. அவள் எட்டி என் சட்டை நுனியைப் பிடித்தாள். பிறகு இறங்கின.

ஒன்றும் வாங்காமல் காருக்கு வந்தோம். ஸ்ராட் பண்ணாமல் இருந்தேன்.

"நீங்கள் ஏன் கையைத் தூக்கினீங்கள்?"

பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். நல்லதாக ஒன்றும் வரவில்லை.

"எனக்குப் பதினாறு வயதில ரியூசனுக்குச் சைக்கிளில போகேக்க ஒரு ஆமிக்காரன் மறிச்சவன். துவக்கை நெஞ்சுக்கு நேரே பிடிச்சுக்கொண்டு கையைத் தூக்கச் சொன்னவன். தூக்கினன். வெயிலுக்குள்ள கனநேரம் நிண்டனான்."

"சுட்டவனோ?"

"இல்லை. பிறகு போகச் சொல்லிட்டான்."

"அவர் கெட்டவரா?"

"தெரியேல்லையம்மா. அவனுக்கும் என்ர வயசுதான் இருக்கும். துவக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவனுக்கும் பயம்போல."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "உங்களுக்கு பாத்ரூம் வந்ததா?"

முப்பது வருடமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. "ஓம், வந்தது" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிய அவள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "நான் நீச்சலுக்குப் போறன் அப்பா. அதுவும் நல்லம்தான்" என்றாள்.

அந்தப் பேச்சுத்தான் என்னைத் திருப்பியது. அந்த ஆமிப் பையன் நடுங்கிக்கொண்டு பிடித்திருந்த துவக்குக்காக, இந்தப் பிள்ளை தனக்கு முதல்முதலாகக் கைவரப்போகிற ஒன்றை விட்டுக்கொடுக்கப் பார்க்கிறாள்.

"வேண்டாம். உனக்கு எட்டுற துவக்கு எங்கேயோ இருக்கும். தேடுவம்."

மனைவியின் தையல் நாடாவால் மகளின் கையை அளந்து, அளவை எழுதிப் பழக்குகிறவரிடம் கொடுத்தேன். மூன்று கிழமைக்குப் பிறகு அவர் ஒஷாவாவில் ஒரு தாயின் விலாசத்தைத் தந்தார். அந்தத் தாயின் மகளும் இடது தோளில் வைத்துச் சுட்டவள்; இப்போது பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள்; சிறுவயதில் பழகிய துவக்கு வீட்டில் கிடக்கிறது.

நாங்கள் மூன்று பேருமாகப் போனோம். அந்தப் பெண் எங்களை முன்னறையில் இருத்தி, பூட்டிய பெட்டியைத் திறந்தார். மரத்தில் செய்த சின்னத் துவக்கு. அடிக்கட்டையில் யாரோ நகப்பூச்சால் ஊதா நிறத்தில் பூ வரைந்திருந்தார்கள். குழலுக்குள்ளால் மஞ்சள் நாடா ஒன்று இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிருந்தது.

"இந்த நாடா தெரிந்தால், உள்ளே ஒன்றுமில்லை என்று அறையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்" என்றார். "சுடுகிற நேரம் தவிர இது உள்ளேயே இருக்கவேணும்."

அப்படியொரு வழக்கம் உலகத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அந்த நாடாவைத் தொட்டுப் பார்த்தேன்.

"முதலில் நீங்கள் பிடியுங்கள். இவளுக்காகச் சுமக்கப்போவது நீங்கள்தானே" என்றார் அந்தப் பெண்.

மனைவி தள்ளியிருந்து எனக்கு இடம் விட்டாள். இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினேன். பாரமில்லை, வேலையில் நான் தூக்குகிற எந்தப் பெட்டியும் இதைவிடப் பாரம். குழல் சுவரைப் பார்க்கும்படி பிடிக்கச் சொல்லித் தந்தார். திறந்து உள்ளே பார்ப்பது, பூட்டுவது எல்லாம் காட்டினார். என் கை வியர்த்து மரத்தில் ஈரம் பட்டதை அவர் கண்டிருப்பார். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு மகள் வாங்கினாள். இடது தோளில் வைத்தாள். கழுத்து நிமிர்ந்தபடி இருந்தது. கன்னம் மேட்டில் போய்ப் பொருந்தியது, தலையணையில் வைப்பதுபோல. விரல் எட்டியது.

"வளர வளர அடிக்கட்டையை நீட்ட மரத்துண்டுகள் இருக்கு" என்று அந்தப் பெண் ஒரு சின்னப் பையைத் தந்தார். மகளின் தலையைத் தடவிவிட்டு, "அந்தப் பூவை அழிக்கவேணுமெண்டால் அழிக்கலாம்" என்றார். மகள் பதறிப்போய், வேண்டாம், வேண்டாம் என்றாள்.

எங்கள் கட்டடத்துக்கு வந்து லிப்ற்றில் ஏறியபோது, ஐந்தாம் மாடி அன்ரி என் கையிலிருந்த நீளப் பெட்டியைப் பார்த்து, "பிள்ளைக்கு வயலினோ?" என்று கேட்டார். மனைவி கதவைப் பார்த்தாள். நான் "ஓம் அன்ரி" என்றுவிட்டேன். வீட்டுக்குள் போனதும் மகள் ஒரு மணித்தியாலம் என்னோடு கோபம். "பொய் சொன்னீங்கள்" என்றாள். மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு ஐந்தாம் மாடிக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அன்ரி வாயில் கைவைத்தார். பிறகு, "மெடல் எடுத்தால் எனக்குக் கட்டாயம் காட்டவேணும்" என்றார்.

நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் போட்டி. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பெற்றோருக்குக் கதிரை போட்டிருந்தார்கள். மனைவிக்கு அன்றும் வேலை. மகள் பத்துக் குண்டையும் ஒரு நிதானத்தோடு சுட்டாள். ஒவ்வொன்றுக்கும் இடையில் துவக்கை இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி ஏந்தினாள். அவளை அவ்வளவு அமைதியாக நான் எங்கேயும் கண்டதில்லை.

அட்டைகளைக் கொண்டுவந்தார்கள். அவளுடைய அட்டையில் ஓர் ஓட்டையும் இல்லை. பக்கத்தில் சுட்ட பெரிய பிள்ளையின் அட்டையில் இருபது ஓட்டைகள். என் மகள் பத்தையும் அடுத்தவளின் அட்டையில் சுட்டிருந்தாள், அதற்குப் புள்ளி இல்லை.

அழப்போகிறாள் என்று எழுந்து போனேன். அவள் அந்தப் பெரிய பிள்ளையோடு தலையோடு தலை முட்டக் குனிந்து, எந்த ஓட்டை யாருடையது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் குண்டுகள் பரவலாகக் கிடந்தன. ஆனால் நடுவிலுள்ள கறுப்பு வட்டத்துக்குள்ளேயே, கொஞ்சம் இடதுபக்கமாக, ஒரு நாணயத்தால் மூடிவிடலாம்போல ஒரு கூட்டம். "இது நீதான்" என்றாள் பெரியவள். என் மகள் அவளிடம் மன்னிப்புக் கேட்டாள். அவள் சிரித்தபடி இவளுடைய பின்னலை இழுத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி போனில் கூப்பிட்டாள். "என்னப்பா, எத்தினை?"

நான் வாயைத் திறக்கமுதல் பின் சீற்றிலிருந்து மகள் கத்தினாள்: "சீரோ, அம்மா! ஆனால் எல்லாம் கறுப்புக்குள்ள!"