"வாங்கோ" என்று யாரும் சொல்லாத வீட்டில் ஒரு மதியச் சாப்பாடு

"பிள்ளைகளுடன் யாழ்ப்பாணம் போகிறோம், நீர்ப் பூங்காவும் பார்க்கவேண்டும். வளர்ந்த பிள்ளைகள், எதைக் கொடுத்தாலும் முகத்தைச் சுழிக்கும் வயது. எங்கே சாப்பிடுவது?" என்று வாசகர் சிலர் எழுதிக் கேட்டிருந்தார்கள். நாங்களும் அதே மாதிரி ஒரு பயணம் கடந்த ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில் போய்வந்தோம். ஆகவே கேட்டவர்களுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இதில் பாதிக்கு மேல் நீங்கள் கேட்காத விஷயம்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். நான், மனைவி வசந்தி, மகள் ஆரணி, மகன் நிதன். மகளுக்குப் பதினாறு, மகனுக்குப் பதின்மூன்று. கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறோம். வசந்திக்குப் பூர்வீகம் வடமராட்சி. எனக்கு இந்த வலைப்பூதான் பூர்வீகம் என்று அவள் கேலி செய்வாள். எந்தக் கடையில் எந்தக் கறி நன்றாக இருக்கும் என்று ஊருக்கெல்லாம் எழுதுகிறவன் நான். என் மகளோ கிட்டத்தட்ட ஒரு வருடமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை.

நோய் வருத்தம் ஒன்றும் இல்லை என்று வைத்தியர் சொன்னார். காரணம் கேட்டால் "பசிக்கேல்லை" என்பாள். மூன்று வாய் சாப்பிடுவாள், மிச்சத்தைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுவாள், கை கழுவப் போய்விடுவாள். போன வருடத்துச் சட்டைகள் தோளில் நிற்காமல் நழுவின. கெஞ்சினோம், திட்டினோம், பேசாமலும் இருந்து பார்த்தோம். கடைசியில் வசந்திதான், "எங்கையாவது கூட்டிக்கொண்டு போவம். இடம் மாறினால் வாய் பிடிக்கும்" என்றாள். பூங்கா மகனுக்காக. சாப்பாடு மகளுக்காக. இதுதான் எங்கள் திட்டம்.

முதல் நாள் காலை ரயிலில் போய் பின்னேரம் யாழ்ப்பாணம் இறங்கினோம். இரவுச் சாப்பாட்டுக்கு ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் ஒரு குளிரூட்டிய கடை. நண்டுக் கறி, பிட்டு, இறால் பொரியல். நான்கு பேருக்கும் ஏழாயிரத்து எண்ணூறு ரூபா வந்தது. நண்டு உண்மையிலேயே நல்ல நண்டு. நிதன் ஓட்டைக் கடித்து உறிஞ்சிக்கொண்டிருக்க, ஆரணி பிட்டில் மூன்று விரல் அள்ளிவிட்டுக் கையைத் துடைத்தாள். பிறகு ஐஸ்கிறீம் கடைக்குப் போனோம். மேலே குத்தியிருந்த பிஸ்கட்டை மட்டும் கடித்துவிட்டு மிச்சத்தைத் தம்பியிடம் தள்ளினாள். வழியில் சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் குவித்திருந்தார்கள். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த பக்கம் நடந்தாள். சின்ன வயதிலிருந்தே மாம்பழம் என்றால் அவளுக்கு அருவருப்பு. கையில் பிசுபிசுக்கும், நார் பல்லில் மாட்டும் என்பாள்.

அடுத்த நாள் காலை எட்டரைக்கு வான் வந்தது. நாள் முழுவதற்கும் பதின்மூவாயிரம் பேசியிருந்தோம். ஓட்டுநர் செல்வம் அண்ணைக்கு அறுபது வயதிருக்கும், வாய் ஓயாத மனுசர். பூங்கா நகரத்திலிருந்து பதினெட்டுக் கிலோமீற்றர். பெயர் போடவில்லை, நான் சொல்லப்போகும் கதைக்கும் பூங்காவுக்கும் சம்பந்தம் இல்லை. சுற்றிவர வெங்காயத் தோட்டம், செம்மண், நடுவில் நீலமும் மஞ்சளுமாய்ச் சறுக்குகள். பெரியவர்களுக்கு ஆயிரத்தைந்நூறு, பிள்ளைகளுக்கு ஆயிரம். நிதன் பெரிய சறுக்கில் பதினொரு முறை இறங்கினான். ஆரணி ஒரே ஒரு முறை இறங்கிவிட்டு, துவாயைப் போர்த்திக்கொண்டு நிழலில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூங்காவுக்குள் இருக்கும் சாப்பாட்டுக் கூடத்தில் கொத்து, பிறைட் றைஸ், றோல்ஸ் எல்லாம் உண்டு. ஒரு மணிக்கு வரிசை வெளியே வெயில் வரைக்கும் நின்றது. செல்வம் அண்ணை எங்களைத் தடுத்தார்.

"உதுக்குள்ளை நிண்டு ஏன் தம்பி வேகிறியள்? சுன்னாகம் பக்கம் ஒரு வீடு இருக்கு. போர்ட் கீர்ட் ஒண்டும் இல்லை. ஒரு அம்மா சமைச்சுக் குடுக்கிறவ. மரக்கறிச் சாப்பாடு, வாழையிலையிலை. ஒண்டும் சாப்பிடாத பிள்ளையும் சாப்பிடும்."

அந்தக் கடைசிச் சொல்லுக்காகவே வானில் ஏறினோம்.

இருபது நிமிட ஓட்டம். தார் வீதியிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கையின் வாயில் நிறுத்தினார். "வான் உள்ளுக்குத் திரும்பாது. இடக்கைப் பக்கம் நாலாவது வீடு. வாசல் முத்தத்திலை பந்தல் மாதிரித் தறப்பாள் கட்டியிருக்கும். நீங்கள் நடவுங்கோ, நான் டீசல் அடிச்சுக்கொண்டு வாறன்."

நடந்தோம். இரண்டு பக்கமும் உயர்ந்த மதில். வெயிலில் ஒரு நாய் கூட இல்லை. ஒரு வீடு, இரண்டு வீடு. பிறகு பற்றைக்குள் கூரையில்லாத சுவர்கள் மட்டும் நின்ற ஒரு வளவு. சன்னல் இருந்த இடத்தால் உள்ளே வளர்ந்த வேம்பு தலையை நீட்டியது. அதைத் தாண்டி மூன்றாவது வீடு, தறப்பாள் தெரிந்தது, ஆனால் கேற் பூட்டு. அடுத்தது நாலாவது. அங்கேயும் தறப்பாள், வாசல் நிறையச் செருப்பு. கூட்டம் இருக்கிற கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பது என் தொழில் அனுபவம். உள்ளே போனோம்.

வாசலில் நின்ற நடுவயதுக்காரர் எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். கையால் கால் கழுவும் குழாயைக் காட்டினார். "வாங்கோ" என்று ஒரு வார்த்தை இல்லை. உபசரிப்புக்கு மதிப்பெண் குறைவு என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன். தறப்பாளின் கீழ் நீள மேசைகள், முப்பது நாற்பது பேர். இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தது. நாங்கள் நான்கு பேரும் ஒரு ஓரத்தில் இடம் பிடித்தோம். ஆரணி கைகழுவ வேண்டும் என்று வீட்டின் பின்பக்கம் போனாள்.

கால் மணி நேரம் போயிற்று. ஒருவரும் பரிமாறவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை. கிணற்றடியில் பெரிய பாத்திரங்கள் மூடியபடி இருந்தன. பருப்புக்கும் கத்தரிக்காய்ப் பால்கறிக்கும் வாசம் வந்தது. ஒருவர் கையிலும் போன் இல்லை. அத்தனை பேரும் வீட்டின் நடு அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது.

நிதன் என் காதுக்குள், "அப்பா, ஏன் ஒருத்தரும் கதைக்கினமில்லை?" என்றான்.

வசந்தி என் முழங்கையைப் பிடித்தாள். "இஞ்சாருங்கோ, இது கடையில்லை. அந்தியேட்டி வீடு. செத்து முப்பத்தோராம் நாள். இண்டைக்கு இந்த வீட்டிலை ஆரையும் வாங்கோ எண்டு சொல்லமாட்டினம். உள்ளுக்குப் படைச்சுப்போட்டுக் கதவைச் சாத்தியிருக்கினம். செத்த ஆள் வந்து சாப்பிட்டுப் போகோணும் எண்டு. அதுக்குப் பிறகுதான் மற்ற ஆக்களுக்கு."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. வெள்ளிக்கிழமை நகம் வெட்டாதே என்று வசந்தி சொன்னால், வேண்டுமென்றே நகவெட்டியைத் தேடுகிறவன். இருந்தாலும் அப்போது பக்கத்தில் இருந்த வெறும் கதிரையைப் பார்த்தேன். ஆரணி இன்னும் வரவில்லை.

எழுந்து தேடப் போவதற்குள் வீட்டுக்காரப் பெண் ஒருவர் கதவடிக்கு வந்தார். என் மனைவியின் வயதுதான். மூன்று முறை கதவைத் தட்டினார், பிறகு தள்ளினார்.

உள்ளே குத்துவிளக்கு எரிந்தது. சுவரோரம் மாலை போட்ட படம்; பள்ளிச் சீருடையும் கழுத்துப்பட்டியும் அணிந்த ஒரு பெண் பிள்ளை, பதினாறு பதினேழு வயது. அதற்கு முன்னால் தலைவாழை இலை. இலைக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்து, குனிந்து, என் மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

முகச்சாயல் ஒன்றும் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். படத்தில் இருந்தவள் வட்ட முகம், என் பிள்ளை நீள முகம். ஆனால் கதவைத் திறந்த தாயின் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் எழுதமாட்டேன்.

ஒரு பெரியவர் பாய்ந்து உள்ளே போனார். "எழும்பு பிள்ளை! ஆர் நீ? எழும்பு!"

"மறியாதேங்கோ மாமா." அந்தத் தாய் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "சாப்பிடுற பிள்ளையை எழுப்பாதேங்கோ."

நானும் உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயந்துவிட்டேன். அப்போது என் சட்டையைப் பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள். வசந்தி. நாள், நட்சத்திரம், தீட்டுத் துடக்கு என்று அத்தனையும் பார்க்கிற என் மனைவி. அவள் கண் இலையில் இருந்தது. இலையில் பாதி முடிந்திருந்தது.

"விடுங்கோ," என்றாள். "சாப்பிடட்டும்."

அந்தத் தாய் உள்ளே போய் ஆரணிக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார். "இன்னும் கொஞ்சம் போடட்டே?" என்று கேட்டார். என் மகள் நிமிரவில்லை, தலையை ஆட்டினாள். சோறு விழுந்தது, தயிர் விழுந்தது. இலையின் தலைப்பில் ஒரு மாம்பழம் இருந்தது. ஆரணி தானாகவே அதை எடுத்து, தோலைப் பல்லால் கிழித்து, சோற்றின் மேல் பிழிந்து பிசைந்தாள். சாறு மணிக்கட்டால் வழிந்தது. அதையும் நக்கினாள்.

"அவளும் உப்பிடித்தான்," என்றார் அந்தத் தாய், யாருக்கென்று இல்லாமல். "கடைசியாய்க் காய்ச்சல்லை கிடக்கேக்கை மாம்பழம் கேட்டவள். சூடு எண்டு நான் குடுக்கேல்லை."

பிறகு எல்லோருக்கும் பரிமாறினார்கள். எங்களை யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கு அந்த வாசலுக்கு வந்தவர் சாப்பிடாமல் போகக்கூடாதாம். நானும் சாப்பிட்டேன். என்ன ருசி என்று கேட்காதீர்கள், ஒன்றும் நினைவில்லை.

எழும்பும்போது வசந்தி எங்களுக்கு மெல்லச் சொன்னாள்: "ஒண்டும் சொல்லாமல் வெளிக்கிடுங்கோ. போட்டு வாறம் எண்டு மட்டும் வாய் தவறியும் சொல்லாதேங்கோ. இந்த மாதிரி வீட்டுக்குத் திரும்பி வருவம் எண்டு சொல்லக்கூடாது." நானும் நிதனும் வாயைத் திறக்காமல் செருப்பைப் போட்டோம். ஆரணி கடைசியாக வந்தாள். உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும் 'பாய்' என்று கையை ஆட்டிவிட்டு ஓடுகிற பிள்ளை. கேற்றடியில் நின்று திரும்பினாள்.

"போட்டு வாறன், அம்மா."

முற்றம் முழுவதும் கைகள் இலையிலேயே நின்றன. அந்தத் தாய் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். பிறகு எடுத்துவிட்டு, தெளிவாகச் சொன்னார்: "ஓம். கவனமாய்ப் போட்டு வா."

வானில் ஏறியதும் செல்வம் அண்ணை, "சாப்பாடு எப்பிடி?" என்றார். நிதன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். மனுசர் வானின் வேகத்தைக் குறைத்தார். "நாலாவது வீடு எண்டெல்லே சொன்னனான். அந்தப் பத்தைக் காணியை எண்ணேல்லையோ?" என்று கேட்டார்.

"அது இடிஞ்ச சுவர்தானே, அண்ணை?"

"இடிஞ்சாலும் அது வீடுதானே, தம்பி. ஆக்கள் லண்டனிலை இருக்கினம். நாங்கள் எண்ணுவம்." பிறகு, பூட்டியிருந்த வீடுதான் அவர் சொன்ன கடை என்றும், அயலில் அந்தியேட்டி என்றால் அந்த அம்மாவும் பூட்டிவிட்டுச் சமையலுக்கு அங்கேதான் போயிருப்பா என்றும் சொன்னார்.

நான் பின்னால் திரும்பி ஆரணியைக் கேட்டேன். "ஏனம்மா அந்த அறைக்குள்ளை போனனீ?"

"கை கழுவிப்போட்டு வரேக்கை பின்கதவு திறந்திருந்தது. உள்ளையிருந்து வா எண்டு கூப்பிட்டவை."

"ஆர்?"

"தெரியாது. வா, சோறு ஆறுது எண்டு." அவள் சன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். வசந்தி என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் யாரையும் வா என்று சொல்லியிருக்கமாட்டார்கள் என்பது இப்போது எனக்கும் தெரியும்.

சரி, கேட்டவர்களுக்கு ஆலோசனை. பூங்காவுக்குள் சாப்பிடுவதானால் பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள், வரிசை இராது. வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு வேளை கொத்து, ஒரு வேளை கடலுணவு என்று மாற்றிக் கொடுங்கள். ஐஸ்கிறீம் பின்னேரத்தில்தான். வீட்டுச் சாப்பாடு தேடிப் போனால் ஓட்டுநரை வாசல்வரை கூட்டிப்போங்கள். வீடுகளை எண்ணும்போது கூரை இல்லாததையும் எண்ணுங்கள். "வாங்கோ" என்று சொல்லாத இடத்தில் உட்காராதீர்கள்.

ஆரணி இப்போது சாப்பிடுகிறாள். மூன்று வேளையும். கன்னம் கொஞ்சம் பிடித்திருக்கிறது, சட்டை தோளில் நிற்கிறது. வைத்தியருக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம், இல்லை என்று சொன்னால் பொய். வெள்ளவத்தைச் சந்தையில் மாம்பழம் கிடைக்கும்வரை வாங்கிக்கொண்டிருக்கிறேன். அவள் தோலைப் பல்லால் கிழிக்கும்போது மட்டும் நான் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மேசையில் வாழையிலை போட்டு உட்கார்ந்து தயிரும் மாம்பழமும் பிசைந்துகொண்டே கேட்டாள்: "அப்பா, டிசம்பர் லீவுக்கு யாழ்ப்பாணம் போவமோ?"

"ஏன், அந்தச் சறுக்கு பிடிச்சுதோ?"

"சறுக்கோ? இல்லை." கையை நக்கினாள். "வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். அம்மா பாத்துக்கொண்டிருப்பா."

தயிர்ச் சட்டியோடு அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள் வசந்தி. இன்னும் ஒரு அகப்பை அள்ளி இலையில் ஊற்றினாள்.