ஒத்திகைத் திருடர்

சுவர் ஏறுவதற்கு முன்னால் அவர் செருப்பைக் கழற்றி ஜோடியாக ஓரத்தில் வைப்பார். பிறகு வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, "அம்மா, ஏறட்டுமா? அடுப்புல ஏதாச்சும் இருந்தா எறக்கி வச்சிட்டு வாங்க, அவசரமில்ல" என்பார். பதில் வந்த பிறகுதான் திருடப் புறப்படுவார்.

ஊர்க் குற்றத் தடுப்புக் குழு ஒரு திருடனைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது என்று ஒரு வதந்தி. வதந்தி என்றால் பாதியாவது பொய்யாக இருக்க வேண்டும் அல்லவா? விசாரித்துப் பார்த்ததில் இதில் பொய் என்று தேறியது சம்பளம் மட்டும்தான். டீயும் பன்னும் கொடுக்கிறார்கள். பஸ் கட்டணம் பரிசீலனையில் இருக்கிறது.

பிழைப்புக்கு அவர் திரைச்சீலைக் கடையில் அளவெடுப்பவர். கழுத்தில் அளவு நாடா தொங்க வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளப்பார். எந்த வீட்டு ஜன்னலில் கொக்கி சரியாக விழாது என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். குற்றத் தடுப்புக் கூட்டுக் குழு தொடங்கியபோது ஒத்திகைக்கு ஒரு திருடன் தேவைப்பட்டது. அசல் ஆட்கள் எல்லாம் வெளியே வேலையாக இருந்தார்கள். இவர் காவல் நிலையத்து ஜன்னலை அளந்துகொண்டிருந்தார். "ஒரே ஒரு தடவைதானே சார்" என்று ஏறியவர்தான். இப்போது தெருவே அவரை 'டெமோ அண்ணே' என்கிறது.

குழுவில் மூன்று துறைகள். தெருவிளக்குக் கம்பம் மின்சார அலுவலகத்துடையது. அதில் எரியாத பல்பு நகராட்சியுடையது. அதற்குக் கீழே இருக்கும் இருட்டு காவல் துறையுடையது. பல்பை மாற்றிவிட்டால் ஒரு துறைக்கு வேலை போய்விடும் என்பதாலோ என்னவோ, கூட்டுறவு இன்றுவரை குலையவில்லை.

மாதத்துக்கு ஒருமுறை, காலை பதினொரு மணிக்குத் திருட்டு. இரவில் வைத்தால் அதிகாரிகளின் தூக்கம் கெடும். முதல் ஒத்திகையிலேயே சிக்கல் வந்தது. சுவருக்கு வெளியே நின்றால் அவர் நகராட்சிச் சாலையில் இடைஞ்சல். உள்ளே குதித்தால் காவல் துறையின் திருடர். சுவருக்கு மேலேயே இருந்தால்? கூட்டம் போட்டார்கள். மின்சாரப் பொறியாளர், கம்பியில் தலை முட்டினால் மட்டும் தமக்குச் சொல்லி அனுப்பும்படி கேட்டுக்கொண்டார்.

"எறங்கிடவா சார்?"

"எந்தப் பக்கம்னு இன்னும் முடிவாகலப்பா. உக்காரு."

டீயை மேலே நீட்டினார்கள்.

பிறகு குழு ஒரு போஸ்டர் அடித்தது. 'இவர் போன்றவரைக் கண்டால் உடனே தகவல் தாருங்கள்' என்ற வரிக்குக் கீழே டெமோ அண்ணன், முகத்துக்குப் பவுடர் போட்டு, வகிடெடுத்துச் சீவி, பல் தெரியச் சிரிக்கிறார். ஒரு பிரதியைக் கூடத்தில் ஒட்டினார். "நல்லா விழுந்திருக்கேன்ல?" என்று மனைவியிடம் கேட்டார். "நல்லாத்தான் விழுந்திருக்கீங்க" என்றாள் அந்த அம்மாள்.

விழுந்தது எவ்வளவு ஆழம் என்பது மகளுக்கு வரன் வந்தபோதுதான் தெரிந்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் பெண். பையனையும் அவளுக்குப் பிடித்துவிட்டது. பிள்ளை வீட்டுச் சுவரிலேயே போஸ்டர். பையனின் அப்பா போன் செய்தார்: "ஞாயித்துக்கிழமை வர்றோம். நீங்க திருடர் இல்லைன்னு யாராச்சும் பெரியவங்க சொன்னாப் போதும், மேற்கொண்டு பேசலாம்."

டெமோ அண்ணன் இன்ஸ்பெக்டரிடம் ஓடினார். "திருடன்னா எழுதிக் குடுக்கலாம். திருடன் இல்லைங்கறது எங்க டிபார்ட்மெண்ட் இல்லையேப்பா." நகராட்சி அதிகாரி கையை விரித்தார்: "போஸ்டர் எங்களது, ஒத்துக்கறேன். மூஞ்சி உங்களது." பொறியாளர் கண்ணாடியைத் துடைத்தார்: "எங்க கம்பத்துல போஸ்டர் ஒட்டினதுக்கு உங்க மேல புகார் குடுக்கலாமான்னு யோசிச்சிட்டு இருந்தேன். நல்லவேளை, நீங்களே வந்துட்டீங்க."

ஆனாலும் மூவருக்கும் மனசு கேட்கவில்லை. அவசரமாகக் கூடினார்கள். காகிதம் எதற்கு, நேரிலேயே போய்ச் சொல்லிவிடுவோம் என்று முடிவாயிற்று. குழு பிறந்த நாளிலிருந்து ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் இது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வீட்டார் பிஸ்கட்டில் கை வைத்த நேரம், வாசலில் ஜீப் வந்து நின்றது. அதன் பின்னால் நகராட்சி லாரி. அதற்கும் பின்னால் ஏணி வைத்த வண்டி. எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து, "கடைசியில நெசமாவே மாட்டிக்கிட்டாரு!" என்று மாடிக்குக் குரல் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து டெமோ அண்ணனின் தோளில் கை போட்டார். "மாசம் தவறாம இவரப் பிடிக்கிறோம். தங்கமான மனுஷன். ஒரு தடவகூட ஓடினதில்ல."

"இவர் திருடலைன்னா எங்க குழுவே இல்லீங்க" என்றார் நகராட்சி அதிகாரி.

சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. அதுதான் வம்பு. சமையலறை வாசலில் மகள், "அப்பா, இவங்களப் போகச் சொல்லேன்" என்று வாயசைத்தாள்.

பையனின் அப்பா மூன்று அதிகாரிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து டெமோ அண்ணனின் கையைப் பிடித்து மூலைக்கு அழைத்துப் போனார்.

"என் ஸ்கூட்டர் களவு போயி எட்டு மாசமாச்சு. ஸ்டேஷனுக்கு நடையா நடந்தேன், ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கல. உங்களுக்குன்னா மூணு ஆபீசும் வீடு தேடி வருது!" குரல் இன்னும் இறங்கியது. "சம்பந்தி, எனக்கு வேற எதுவும் வேணாம். நீலக் கலரு. பின்சீட்டுல ஒரு கிழிசல். நம்பர எழுதித் தர்றேன். உங்க ஆளுங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லி வாங்கிக் குடுத்துடுங்க."

'எனக்கு ஆளு யாருமில்லீங்க' என்பது தொண்டை வரை வந்தது. 'சம்பந்தி' என்ற சொல் அதை வழிமறித்தது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துடலாங்க" என்றார்.

கல்யாணம் நடந்துவிட்டது. மகள் சந்தோஷமாக இருக்கிறாள். ஸ்கூட்டர்தான் வரவில்லை. சம்பந்தி போனில் எல்லோருடைய நலமும் விசாரித்து முடித்துவிட்டு, "அப்புறம், நம்ம வண்டி?" என்கிறார். "பசங்க தேடிட்டிருக்காங்க சம்பந்தி" என்கிறார் இவர். பசங்க என்றால் இவர் ஒருவர்தான்.

நேற்று மருந்துக் கடை வாசலில் நீல ஸ்கூட்டர் ஒன்று நின்றது. டெமோ அண்ணன் அதைத் தாண்டிப் போனார், திரும்பி வந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரிடமும் அனுமதி கேட்காமல் குனிந்து, நம்பர் பலகையில் காய்ந்திருந்த சேற்றைக் கட்டைவிரலால் தேய்த்தார்.