வாசலுக்கு வாங்கிய சப்பாத்து

எங்கள் ஆட்கள் சப்பாத்து வாங்குவது காலுக்கல்ல, வாசலுக்கு. சுவிஸில் இத்தனை வருடமாக இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. கடையில் ஒரு சப்பாத்தைக் கையில் எடுத்தால் குளிர் தாங்குமா, வழுக்குமா, நாள்பட உழைக்குமா என்று ஒருவரும் யோசிப்பதில்லை. கழற்றுவது சுகமா என்பதுதான் ஒரே கேள்வி. சொந்தக்காரர் வீட்டு வாசலில் கழற்ற வேண்டும், கோயில் வாசலில் கழற்ற வேண்டும், செத்தவீட்டு வாசலில் கழற்ற வேண்டும். அதற்காக ஒரு நம்பர் பெரிதாக வாங்குவார்கள். அதையும் ஒழுங்காகப் போடமாட்டார்கள். பின்பக்கத்தை மிதித்து மடக்கி, நல்ல சப்பாத்தைச் செருப்பாக்கி, பனிக்குள் இழுத்துக்கொண்டு போவார்கள். வழுக்கி விழுந்து கை முறிந்தால் பிழை சுவிஸ் குளிரில். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

என் வீட்டுக்காரர் இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கக்கூடியவர். அவர் வேலை செய்தது ஒரு தமிழ் முதலாளியின் களஞ்சியத்தில். வாழைக்காய்ப் பெட்டி, கத்தரிக்காய்ப் பெட்டி, அரிசி மூட்டை எல்லாம் வந்து இறங்கும் இடம். அவற்றை ஏற்றி வந்த, ஆணி அடித்த பலகைத் தட்டுகளை உடைத்து அடுக்குவதும் அவர் பொறுப்பு. காலில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று அங்கே கேட்க ஆளில்லை. முதலாளியே வெறும் வீட்டுச் செருப்போடு நின்று கணக்குப் பார்ப்பவர்.

நான் வேலை செய்வது டீட்டிகோனில், ஒரு பெரிய பொதிக் களஞ்சியத்தில். இரும்பு மூக்கும், அடியில் ஆணி ஏறாத தகடும் வைத்த சப்பாத்து இல்லாமல் அங்கே வாசலைத் தாண்ட முடியாது. பார்ப்பதற்கு அது பேக்கரியில் வாங்கிய இரண்டு றாத்தல் பாணைக் காலில் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரித்தான் இருக்கும். அப்படித்தான் என் வீட்டுக்காரர் அதற்குப் பெயரும் வைத்தார். நான் வேலைக்குப் புறப்படும்போதெல்லாம், "பாண் வெளிக்கிட்டுது" என்பார். அந்தப் பாணைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நின்றாலும் என் குதிக்கால் நோவதில்லை என்பது அவருக்குத் தேவையில்லாத விஷயம்.

அவருக்கு நீரிழிவு. அதை அவர் ஒரு வருத்தமாக எடுத்ததே இல்லை. "எங்கட ஆக்களில ஆருக்கு இல்லை?" என்பார். ஒருநாள் டொக்டர் கால்களைச் சோதிக்க வேண்டும் என்றார். ஜேர்மனை மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலோன் நூலால் பாதத்தை அங்கங்கே தொட்டு, "தெரிகிறதா?" என்று அந்தப் பெண் டொக்டர் கேட்டார். இவர் "யா", ஆம், என்றார். இன்னொரு இடம். "யா." எந்த ஒபீசுக்குப் போனாலும் எங்கள் ஆட்கள் சொல்கிற அதே யாதான். விளங்கினாலும் யா, விளங்காவிட்டாலும் யா. கடைசியில் டொக்டர் நூலை மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, "இப்போது?" என்றார். இவர் கண்ணை இறுக மூடியபடி, பரீட்சையில் முதலாம் பிள்ளை மாதிரி, "யா, யா" என்றார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது.

டொக்டர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். பாதத்தில் உணர்ச்சி போய்க்கொண்டிருக்கிறது. இனிக் காலில் காயம் வந்தால் இவருக்குத் தெரியாது. தெரியாத காயம் புண்ணாகும், அந்தப் புண் லேசில் ஆறாது. முதலில் விரல் போகும், பிறகு கால் போகும். ஆகவே தடித்த அடி உள்ள, காலின் அகலத்துக்குச் சரியான, நல்ல வேலைச் சப்பாத்து வாங்க வேண்டும். போடுமுன் ஒவ்வொரு நாளும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். நான் ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். அவர் ரயிலில் ஏறி உட்கார்ந்ததும், "டொக்டர்மார் வெருட்டத்தான் படிச்சவை" என்றார்.

எருமை மாட்டில் மழை பெய்தால் அது காதையாவது ஆட்டும். இவர் அதுவும் இல்லை. இருந்தாலும் நான் விடவில்லை. வேலை உடுப்பு விற்கும் கடைக்கு அவரைப் பின்னேரம்தான் கூட்டிப் போனேன். காலையில் கால் ஒரு அளவு, வேலை முடிந்து வீங்கிய கால் இன்னொரு அளவு. சப்பாத்து வாங்க வேண்டியது வீங்கிய காலுக்கு. வேலைக்குப் போடும் தடித்த காலுறையையும் கையோடு கொண்டுபோனேன். விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், குதி மேலே எழும்பக்கூடாது, விரல் மடியும் இடத்தில்தான் சப்பாத்தும் மடிய வேண்டும். கடைப்பெண் குனிந்திருந்து அழுத்திப் பார்த்து, அருமையான ஒரு சோடியை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதன் நாடாவைப் பார்த்தார். கண்கள் கணுக்கால் வரை ஏறின.

"இதைக் கட்டி அவிழ்க்கிறதுக்குள்ள கோயில்ல பூசை முடிஞ்சிடும்" என்றார்.

"நீங்கள் கோயிலுக்குப் போறது வருசத்தில நாலு தரம். வேலைக்குப் போறது ஒவ்வொரு நாளும்."

"ஆரின்ர வீட்டு வாசல்லயும் குந்தியிருந்து நாடா அவிழ்க்கச் சொல்லுறீரோ? மரியாதை கெட்டுப்போம்."

மரியாதை சப்பாத்து நாடாவில் தொங்குகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். வாங்காமலே வெளியே வந்தோம்.

அடுத்த கிழமை அவராகவே ஒரு கடையைக் கண்டுபிடித்து என்னை இழுத்துக்கொண்டு போனார். கௌபோய்ச் சப்பாத்துக் கடை. சுவர் முழுக்கத் தொப்பிகள், குதிரைப் படங்கள். கடைக்காரன் நல்ல சுவிஸ்காரன். பெரிய மீசை, சோற்றுக் கோப்பை அளவில் பெல்ட் கொளுவி. பசுமாட்டின் கழுத்தில் மணி கட்டுகிற நாட்டில் ஒருவன் டெக்சஸ்காரன் வேடம் போட்டு நிற்கிறான். அவனிடம் சப்பாத்து வாங்க ஒரு யாழ்ப்பாணத்தான் வந்து நிற்கிறான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். இளவயதில் தியேட்டரில் பார்த்த குதிரைப் படங்களெல்லாம் என் வீட்டுக்காரரின் முகத்தில் திரும்ப ஓடின.

அவருடைய நியாயம் இதுதான்: நாடா இல்லை. காலை விட்டால் போய்விடும், இழுத்தால் வந்துவிடும். வாசலில் குனியத் தேவையில்லை. அசல் தோல், பத்து வருடம் உழைக்கும். ஒரு சோடியைப் போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்து காட்டினார்.

"இஞ்சாரும், ஒரு நோவும் இல்லை. மெத்தையில நிக்கிற மாதிரிக் கிடக்கு."

"உங்களுக்கு எப்பிடி நோகும்? நெருப்பில நிண்டாலும் மெத்தை எண்டுதான் சொல்லுவியள்."

அவர் முகம் கறுத்தது. நான் அதோடு நிற்காமல், அடியில் தகடு இருக்கிறதா என்று கடைக்காரனைக் கேட்டேன். அவன் பொய் சொல்லவில்லை. தகடு இல்லை, வெறும் தோல் அடி, இது குதிரை ஏறவும் நடனம் ஆடவும் செய்தது, களஞ்சிய வேலைக்கு இதை நான் சொல்லமாட்டேன் என்றான். அதையும் தமிழில் சொன்னேன்.

"நான் என்ன கல்லுடைக்கவோ போறன்?" என்றார் வீட்டுக்காரர். சப்பாத்து வீட்டுக்கு வந்துவிட்டது. காசைக் கொடுத்துத் தேளைக் கொட்டவிட்டது என்பார்கள். நாங்கள் தேளுக்கு அழகான பெட்டியும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

இழுத்தால் வந்துவிடுமாம்! முதல் நாளே வேலை முடிந்து வந்து வாசலில் நின்று இழுத்தார், வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். கடைசியில் நான் கீழே இருந்து இழுக்க வேண்டியதாயிற்று. வீங்கிய கால் அந்த ஒடுங்கிய குழாய்க்குள் புட்டுக் குழலில் அடைத்த மா மாதிரி இறுகிக் கிடந்தது. அதற்குப் பிறகு அதுவே வழக்கமாயிற்று. நான் என் பாணைக் கழற்றிவிட்டு வந்து இவருடைய குதிரைச் சப்பாத்தை இழுப்பேன். இழுத்த கையோடு பாதத்தைத் திருப்பிப் பார்ப்பேன். "என்ன, கால்ல சாத்திரம் பாக்கிறீரோ?" என்பார்.

பனி உருகத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, ஊஸ்டரில் என் தங்கை வாங்கிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். இவருக்குக் காலையில் வேலை இருந்தது. களஞ்சியத்திலிருந்து நேரே ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டார். மேலே பட்டுச் சேர்ட், கீழே அந்தச் சப்பாத்து. ஊஸ்டரில் இறங்கி நடக்கும்போது அவருடைய ஒரு கால் 'டக்' என்றது, மற்றக் கால் 'டிக்' என்றது. டக், டிக், டக், டிக். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"குதிரைக்கு ஒரு பக்க லாடம் கழண்டு போச்சோ?" என்றேன்.

"வயித்தெரிச்சல் பிடிச்ச மனுசி" என்று அவரும் சிரித்தார். தங்கை வீடு வரை டக், டிக் என்று நடந்தே வந்தோம்.

தங்கை வீட்டு மாடிப்படியில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. எல்லாம் பின்பக்கம் மிதிபட்டவை. கீழ்வீட்டு சுவிஸ்காரி அந்தக் குவியலைச் சுற்றி, சாக்கடையைத் தாண்டுவது மாதிரிக் காலைத் தூக்கி வைத்துப் போனாள். அவளிலும் பிழை சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்து இழுத்தார். வலது வந்தது. இடது அசையவில்லை. உள்ளே பால் பொங்கப்போகிறது, எல்லோரும் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். தங்கையின் புருசன், "அண்ணை, பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்று சப்பாத்தைப் பிடித்தான். இன்னொருவன் இவரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். தேர் இழுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, படி முழுக்கச் சிரிப்பு. என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

சப்பாத்து வந்தது. கூடவே ஏதோ கிழியும் சத்தம் கேட்டது. காலுறை கருஞ்சிவப்பாக நனைந்து சொட்டியது. தங்கையின் புருசனின் கையில் இருந்த சப்பாத்தைச் சரித்தபோது, உள்ளே அடித்தோலைத் துளைத்துக்கொண்டு ஒரு பலகை ஆணி நீட்டிக்கொண்டு நின்றது. அதன் மறுமுனைதான் வழியெல்லாம் டிக் என்று சத்தம் போட்டிருக்கிறது. காலையில் பலகைத் தட்டு உடைக்கும்போது ஏறியது. ஒவ்வொரு அடிக்கும் அதை உள்ளே இறக்கிக்கொண்டு சிரித்தபடி நடந்து வந்திருக்கிறார்.

அவர் படியில் சொட்டியிருந்ததைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தார்.

"ஆருக்குக் காயம்?" என்று கேட்டார்.

நான் குனிந்து அவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை காலமும் நான் கோபத்தில் சொன்னது எதையும் நானே முழுதாக நம்பியிருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்பு வரை கிருமி போய்விட்டது என்றார்கள். சில கிழமைகள் மருந்து ஏற்றிப் பார்த்துவிட்டு, இடது காலில் இரண்டாவது விரலை எடுத்தார்கள். காலைக் காப்பாற்றினோம் என்று டொக்டர் சொன்னார். எங்கள் சனம் வேறு சொன்னது. ஆணி ஏறினது தெரியாமல் ஒரு மனிதன் நடப்பானா, குடிவெறியில் இருந்திருப்பார் என்று கதை கட்டினார்கள். பின்பக்கம் மிதித்த சப்பாத்தோடு கதைக்க வந்த வாய்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அதே நீரிழிவு வருத்தம் இருக்கிறது. ஒருவரும் இன்னும் காலைக் காட்டிச் சோதித்ததில்லை.

இப்போது அவருக்கு அளவெடுத்துச் செய்த சப்பாத்து. தடித்த அடி, அகலமான மூக்கு, ஒட்டும் பட்டி. என்னுடையதைவிடப் பெரிய பாண். வெறுங்காலோடு ஒரு அடியும் வைக்கக்கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது, யார் வீட்டிலும் கூடாது என்பது டொக்டரின் கண்டிப்பு. வாசலில் சட்டென்று கழற்ற வேண்டும் என்று சப்பாத்துத் தேடிய மனிதர் இனி எந்த வாசலிலும் கழற்ற முடியாது. கோயிலுக்குப் போனால் வெளியே நின்று கும்பிடுகிறார். விருந்துகளுக்கு வருவதைக் குறைத்துவிட்டார். களஞ்சிய வேலையும் போய்விட்டது. சோதனைக்குப் போனால் டொக்டர் நூலால் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்கும்போது, மெல்ல, "நைன்", இல்லை, என்கிறார்.

போன மாதம் தங்கையின் மகளுக்குப் பிறந்தநாள். வரமாட்டேன் என்றவரை வற்புறுத்திக் கூட்டிப் போனேன். அதே மாடிப்படி, அதே சப்பாத்துக் குவியல். வாசலில் தங்கையின் மாமியார் நின்று அவருடைய காலைப் பார்த்தார். உள்ளே சாமிப் படங்களுக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நீர் போயிட்டு வாரும். நான் இஞ்ச படியில இருக்கிறன்" என்றார் என் வீட்டுக்காரர். அதே படியில் உட்காரவும் போனார்.

"அக்கா, அத்தான்ர சப்பாத்து..." என்று தங்கை இழுத்தாள். "மாமி ஒரு மாதிரி."

"அது சப்பாத்தில்லையடி" என்றேன். "அது அவரின்ர கால்."

கைப்பையில் நான் கொண்டுபோயிருந்த ஈரத்துணியை எடுத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, வாசலில் முழங்காலில் இருந்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார். ஆணி, கண்ணாடி ஏதும் இருக்கிறதா என்று முதலில் உள்ளங்கையால் தடவினேன். பிறகு அடியில் ஒட்டியிருந்த மண் போகும்வரை துடைத்தேன்.

"மற்றக் காலைத் தூக்குங்கோ" என்றேன்.