உபயம்: என் தொண்டை

திருப்பதியில் வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கும் அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நடுநிலையாக எழுதவில்லை என்று பிறகு யாரும் குறை சொல்ல வேண்டாம்.

நகரியில் எங்கள் தெரு அம்மன் கோயில் ஜாத்திரையில் வருடம் தவறாமல் பாடியவள் நான். பாட்டும் நான் கட்டியதுதான். பவர்லூம் ஓடும் சத்தத்துக்கு நடுவே கட்டிய பாட்டு என்பதால் குரல் எப்போதும் உரத்தே வரும். கடைசியாகப் பாடிய வருடம் கோயில் கமிட்டி இந்த ஆளை வரவழைத்து முழுவதையும் படம் பிடிக்கச் சொன்னது. அடுத்த வருடம் எனக்குக் கழுத்துக் கட்டிக்கு ஆபரேஷன் நடந்தது. கட்டி குரல் நரம்பைச் சுற்றியிருக்கிறது, நரம்பைக் காப்பாற்ற முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். உயிர் போதும் என்று கையெழுத்துப் போட்டேன். இப்போது நான் பேசினால் பழைய துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் வருகிறது. ஆக, என் குரல் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த வீடியோவில் மட்டும்தான்.

கமிட்டிக்குக் கொடுத்த பென்டிரைவிலிருந்து ஒரு பாட்டை எடுத்து என் மகள் இணையத்தில் போட்டாள். 'எங்க அம்மா பாடினது' என்று தலைப்பு வைத்தாள். மூன்றே நாளில் அது நீக்கப்பட்டுவிட்டது. உரிமை ஸ்டூடியோவுக்குச் சொந்தம், இன்னொரு முறை போட்டால் சேனலே இருக்காது என்று நோட்டீஸ் வந்தது. என் பாட்டை நானே திருடிவிட்டேனாம். ஸ்டூடியோவின் சேனலில் தேடிப் பார்த்தோம். அதே பாட்டு இருந்தது. அடியில் குத்துப்பாட்டுத் தாளம் சேர்த்து, என் பெயரை வெட்டிவிட்டு, 'ஒரிஜினல்' என்று போட்டிருந்தார்கள்.

பஸ் பிடித்து மகளோடு திருப்பதிக்குப் போனேன். அவன் சுழல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"கேமரா எங்க்து, லைட்டு எங்க்து, எடிட்டிங் எங்க்து. இதுல உங்க்து இன்னாக்கா கீது?" என்றான்.

"தொண்ட" என்றேன்.

"அதான் இப்போ இல்லியே" என்றான்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மகள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வராவிட்டால் அவன் மேசையில் இருந்த டீயை அவன் மூஞ்சியில் கொட்டியிருப்பேன். கொட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

சித்தூர் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். அங்கே என்னைக் கவிழ்த்தது, நானே ஆசைப்பட்டு எழுதச் சொன்ன ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் கோயிலுக்கு எதைக் கொடுத்தாலும் 'உபயம்' என்று போட்டுப் பெயரை எழுதுவோம். ட்யூப் லைட் கொடுத்தவர்கள் வெளிச்சமே தெரியாத அளவுக்கு அதன்மேல் எழுதுவார்கள். நான் கூலி வாங்காமல் பாடுகிறவள் ஆயிற்றே, எனக்கு மட்டும் பேனரில் பெயர் வேண்டாமா? 'இன்றைய பாட்டு உபயம்' என்று என் பெயருக்கு மேலே பெரிதாகப் போடச் சொன்னேன். வீடியோவில் என் தலைக்குப் பின்னால் மணிக்கணக்காக அது தெரிகிறது.

அவனுடைய வக்கீல் அந்தப் படத்தை அச்செடுத்துக் கொண்டுவந்தார். உபயம் என்றால் தானம், தானமாகக் கொடுத்துவிட்ட பாட்டுக்கு இந்தம்மா இப்போது உரிமை கேட்கிறார் என்றார். வாங்கிக்கொண்ட கமிட்டி ஸ்டூடியோவுக்கு அனுமதி கொடுத்துவிட்டதாம்.

"அம்மனுக்குக் குட்த்தேன் சார். கேமராவுக்குக் குட்க்கல" என்றேன்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார் அந்த வக்கீல். பாடியவருக்குத் தனி உரிமை சட்டத்தில் உண்டு, அதை எழுதிக் கொடுக்காமல் யாரும் எடுத்துக்கொள்ள முடியாது என்று எங்கள் வக்கீல் எழுந்து சொன்னார். அவர் உட்காருவதற்குள் ஸ்டூடியோ வக்கீல் அடுத்ததற்குப் போய்விட்டார். அந்த வீடியோவில் முகம் தூரத்தில்தான் தெரிகிறது, கேட்பது இவர் குரல்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒக்க லைனு பாடண்டி. சாலு."

ஒரே ஒரு வரி பாடினால் போதுமாம். ஆபரேஷன் பேப்பர் அவர் கையிலேயே இருந்தது. தெரிந்துதான் கேட்டார். மகள் பின் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டாள். நான் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன். முதல் எழுத்துகூட உருவாகவில்லை, காற்று மட்டும் வந்தது. ஸ்டூடியோக்காரன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம்.

"பாட வந்தா உங்க வீடியோ எனக்கு எதுக்கு சார்?" என்றேன்.

வக்கீலுக்குக் கேட்டதோ இல்லையோ, உட்கார்ந்துவிட்டார். ஜட்ஜம்மா டைப் அடிப்பவரிடம் தெலுங்கில் சொல்ல, அவர் அடித்தார். பக்கத்தை என் முன்னால் வைத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும். 'சாட்சியால் பாட முடியவில்லை' என்று மட்டும் இருந்தது.

பேனாவைக் கீழே வைத்தேன். "நான் சொன்னத அப்டியே எழுதுங்கம்மா. அப்பறந்தான் கையெழுத்து" என்றேன்.

ஜட்ஜம்மா திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன், டைப் அடிப்பவருக்குப் புரியவில்லை. இரண்டாவது முறை பாதியில் தொண்டை அடைத்தது. மூன்றாவது முறை சத்தமே வரவில்லை. டைப் அடிப்பவர் விரல்களை எழுத்துகள்மேல் வைத்துக்கொண்டு, என் உதட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாக அடித்தார்.