நான் மோசே வேஷம் கட்டிய நாள்

அறுப்புப் பண்டிகைக்கு இந்த வருஷம் எங்கள் சபைப் பெண்களே நாடகம் போடுவது என்று முடிவாயிற்று. மோசேயின் பின்னால் இஸ்ரவேல் ஜனங்கள் எகிப்தை விட்டுப் புறப்பட்டு வனாந்தரத்தில் நாற்பது வருஷம் நடந்த கதை. மோசே வேஷம் யாருக்கு என்று கேட்கும் முன்பே நான் எழுந்துவிட்டேன். இருபத்தாறு வருஷம் கம்பம் ஊரிலிருந்து குமுளி மலை ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனவள் நான். கஞ்சி ஆறிவிட்டது, அட்டை கடிக்கிறது, அவளோடு ஒட்டி உட்கார மாட்டேன் என்று தினமும் ஒரு புலம்பல் கேட்டிருக்கிறேன். எகிப்திலேயே செத்திருக்கலாமே என்று மோசேயிடம் அந்த ஜனம் அழுததைப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் கதை எல்லாம் காதால் கேட்டதோடு சரி. கடல் பிளந்தது, வானத்திலிருந்து மன்னா என்ற அப்பம் விழுந்தது, பாறையில் தண்ணீர் வந்தது. கர்த்தர் தருவதாகச் சொன்ன கானான் தேசத்துக்கு மோசேயும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே எழுபத்திரண்டு வயது வரை நம்பியிருந்தேன். மற்றதை யாரும் சொல்லவில்லையா, சொன்ன ஞாயிற்றுக்கிழமை நான் அசந்து தூங்கிவிட்டேனா, தெரியாது.

ஒத்திகையில் போதகரின் மனைவி கடைசித் தாளைக் கொடுத்தார். விரல் வைத்துப் படித்தேன். மறுபடியும் படித்தேன்.

"பாஸ்டரம்மா, இதுல பிழை இருக்கு. மோசே மலையிலயே செத்துப்போறாருன்னு போட்டிருக்கு."

"பிழை இல்ல ஆத்தா. தண்ணி வர பாறைகிட்டப் பேசத்தான் சொன்னாரு கர்த்தர். இவரு கோவத்துல கம்பால ரெண்டு தடவ அடிச்சுப்புட்டாரு. அதான் நீ உள்ள போகக்கூடாதுன்னுட்டாரு."

தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

"ரெண்டு அடிக்கா? நாப்பது வருஷம் அந்தச் சனத்தோட மாரடிச்ச மனுசனுக்கு ஒரு நா கோவம் வரக்கூடாதா? நானா இருந்தா பாறைய விட்டுட்டு அவுகளையில்ல அடிச்சிருப்பேன்!"

மோசேக்குப் பிறகு ஜனத்தை நடத்தும் யோசுவாவாக வேஷம் கட்டியவள், பதினைந்து வருஷம் என் ஜீப்பில் வந்தவள். "அடிச்சிருக்கல்ல ஆத்தா! என் முதுகக் கேளு, சொல்லும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து ஜெபமும் வரவில்லை. கண்ணை மூடினால் அந்த மலைதான். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. காலமெல்லாம் பழகின வீட்டில் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்திவிட்டது போல் இருந்தது. இந்தக் கர்த்தரை நம்பியா இத்தனை வருஷம் மலையேறினேன்? ஒரு முடிவு செய்தேன். தாளில் என்ன இருந்தாலும் சரி, நாடகத்தன்று மலையை விட்டு இறங்கி நானும் கானானுக்குள் போய்விடுவது. யாரிடமும் சொல்லவில்லை.

பெஞ்சு மேல் பச்சைச் சேலை விரித்தது மலை. எதிரே ஓடைப்பட்டித் தோட்டத்துத் திராட்சைக் கொடிகளைக் கட்டிவைத்தது கானான். ஏறி நின்றேன். திரைக்குப் பின்னால் போதகரின் மனைவி மைக்கில் கர்த்தராகப் பேசினார். இந்தத் தேசத்தைக் கண்ணாரப் பார்த்துக்கொள், ஆனால் நீ அதற்குள் போகமாட்டாய் என்றார். அதைக் கேட்டு நான் பேசாமல் நிற்க வேண்டும்.

இறங்கக் காலை எடுத்தேன். அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஏன்?"

திரையைப் பார்த்துத் திரும்பினேன்.

"அவுக அம்புட்டுப் பேரும் போறாக. நான் மட்டும் ஏன் போகக்கூடாது? சொல்லும்!"

மைக் கீச்சென்று கத்தி ஓய்ந்தது. ஏதாவது ஒரு வசனம் வரும், எதிர்த்துப் பேசலாம் என்று நின்றேன். அழுகையோடு வந்தது பதில்.

"தெரியலையே ஆத்தா."

என்ன சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். இதற்கு நான் தயாராக வரவில்லை. யோசுவா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கூட்டத்தோடு திராட்சைக் கொடியைத் தாண்டிப் போனாள். திரைக்குப் பின்னால் கர்த்தரின் விசும்பல் மைக்கில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பெஞ்சு முழங்கால் உயரம்தான். நான் இறங்கவில்லை. அப்படி அழுகிறவரைத் தனியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.